பாலம் வரைக்கும் ஓடிய வண்டி

மினோட், நார்த் டகோட்டா
4 மே 1981

அன்புள்ள வெர்லினுக்கு,

நான் இங்கே சுகம். பண்ணையை விட்டு வந்து ஒரு குளிர்காலம் முழுக்கப் போய்விட்டது. பெண்டாட்டி ஆர்டிஸ் இருக்கிறாளா செத்தாளா என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை, அதனால் நீங்களும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். பேக்கரிக்கு மேலே ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவின் அந்த நாற்பத்தேழாம் வருஷத்துப் பிக்-அப் வண்டியை அனுப்பிவையுங்கள். அதை அவர் எனக்கென்று விட்டுப் போனார். நான் எடுத்தால் ஓடைப்பாலத்தில் நின்றுவிடும், தெரியும். டிராக்டரில் சங்கிலி கட்டி நீங்கள் இழுத்து வருவீர்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வேலியோரம் நின்று சிரிப்பார்கள். என் அம்மா மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த அன்றைக்கும் அங்கேதான் நின்றது. "என்ன ஆச்சுங்க?" என்று அழுதேன். "யாருக்குத் தெரியும்? உங்கப்பன் வண்டிதானே!" என்றீர்கள். உங்கள் காரில் கொண்டுபோய் விடச் சொன்னேன். "மாடு கறக்கணும்" என்றீர்கள். வீட்டுக்கு இழுத்து வந்து சேர்வதற்குள் போன் அடித்தது. அம்மா போய்விட்டாள்.

குத்திக்காட்ட எழுதவில்லை. வண்டியை மட்டும் அனுப்புங்கள்.

உங்கள்
ஆர்டிஸ்


ஸ்டென்வால் பண்ணை
15 மே

ஆர்டிஸ்,

எடுத்துக்கொள். பக்கத்துப் பண்ணை டிரெய்லரில் ஏற்றி அனுப்புகிறேன், நீ ஓட்டிப்போனால் பாலம்கூடத் தாண்டாது. பெட்ரோல் நாற்றம் என்று மூக்கைப் பொத்தாதே, டேங்க் உன் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஒரு நிபந்தனை. செப்டம்பரில் அறுவடை ஊர்வலத்துக்கு வண்டி இங்கே வந்தாக வேண்டும். வருஷாவருஷம் அதை ஓட்டிக்கொண்டு முன்னால் போகிறவன் நான். ஊரில் அதை என் வண்டி என்றுதான் சொல்வார்கள்.

சர்ச் விருந்தில் நீ அடுப்பில் சுட்டுக் கொண்டுவருகிற உருளைக்கிழங்கு கேசரோலை யாரும் தேடவில்லை.

வெர்லின்


மினோட்
22 ஜூன்

வெர்லின்,

'நீங்கள்' என்று எழுத இன்று கை வரவில்லை.

வண்டி வந்ததிலிருந்து ஒரு நாள்கூட நிற்கவில்லை. மினோட் காற்று அதற்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், எவ்வளவு பெரிய முட்டாள் நான்! நேற்று சீட்டுக்குப் புது உறை போடத் தூக்கினேன். அடியில், பெட்ரோல் வருகிற குழாயில், ஒரு பித்தளை வால்வு, திருகி மூடினால் பெட்ரோல் நின்றுவிடும். அழகாகப் பற்றவைத்திருக்கிறது. உன் கைவேலை எனக்குத் தெரியாதா?

மூடிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சமர்த்தாகக் கிளம்பியது. பேக்கரியைத் தாண்டியது, சர்ச்சைத் தாண்டியது, இருமிவிட்டு நின்றது. கார்புரேட்டரில் மிச்சமிருக்கிற பெட்ரோலுக்கு அவ்வளவு தூரம்தான் ஓடும். நம் வாசலிலிருந்து பாலத்துக்கும் அதே தூரம். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். சீட்டைத் தூக்கி வால்வைத் திறந்தேன், உடனே கிளம்பியது.

அம்மா கிடந்த அன்றும் நீதான் மூடினாயா? அதை மட்டும் சொல்.

ஆர்டிஸ்


ஸ்டென்வால் பண்ணை
1 ஜூலை

ஆர்டிஸ்,

ரொம்பத் துள்ளாதே. பழைய வண்டிக்கு வால்வு வைப்பது ஊர் உலகத்தில் இல்லாததா? நிறுத்தி வைத்தால் கார்புரேட்டர் ஒழுகும், தீப்பிடிக்கும். டேங்கை முதுகில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வேகாமல் இருந்தாயே, யார் புண்ணியம்? வண்டியை நிறுத்தினதும் நான் மூடுவேன். திறக்க வேண்டும் என்று உனக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கும் மூடித்தான் இருந்தது. நீ கிளம்பும்போது எனக்குத் தெரியும். அம்மா வீட்டுக்குப் போனால் நீ திரும்பி வரமாட்டாய் என்று நினைத்தேன். கிழவி அன்றைக்கே போவாள் என்று நான் ஜோசியமா பார்த்தேன்?

ஊர்வலத்தை மறக்காதே.

வெர்லின்


மினோட்
2 செப்டம்பர்

வெர்லின்,

சொன்ன சொல் தவற மாட்டேன். வண்டியை நானே ஓட்டி வருகிறேன். துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன், டேங்க் நிறையப் பெட்ரோல். உன் வால்வு திறந்தே இருக்கும், வேண்டுமானால் சீட்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்.

ஆர்டிஸ்


ஸ்டென்வால் பண்ணை
20 செப்டம்பர்

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

நான் எழுதுவேன் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

ஊர்வலத்தில் வண்டி மேடைக்கு நேர் எதிரே நின்றதே, அதை எப்படி மறப்பேன்? சீட்டைத் தூக்கினேன், வால்வு திறந்திருந்தது. டேங்க் நிறைந்திருந்தது. எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். மேயர் மைக்கில், "என்ன வெர்லின், வண்டிக்கும் உன்னப் புடிக்கலையா?" என்றார். பேண்டு வாசிக்கிறவர்கள்கூட வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். என்னை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துச் சங்கிலி கட்டி டிராக்டரில் இழுத்துப் போனார்கள்.

அப்புறம் நீ வந்தாய். கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து வண்டிக்கு அடியில் கையை விட்டாய், ஏறினாய், கிளப்பினாய். பாலத்தைத் தாண்டி நீ போகிறவரை ஊரே நின்று பார்த்தது.

காபிக் கடைக்குள் கால் வைக்க முடியவில்லை. "உன் பொண்டாட்டி கைய விட்டதும் ஓடுதே, அப்படி என்னதான்யா பண்ணினா?" என்று கேட்கிறார்கள். இந்த ஊர் வண்டிகளையெல்லாம் பழுது பார்த்தவன் நான். ராத்திரி தூக்கம் இல்லை. என்ன செய்தாய், எங்கே கையை வைத்தாய், அதை மட்டும் சொல்லிவிடு ஆர்டிஸ். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
வெர்லின்


மினோட்
1 அக்டோபர்

வெர்லின்,

சுகம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கல்லறைக்குப் போய்வந்தேன். வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை.

ஒரு வண்டிக்கு ஒரு வால்வுதான் என்று யார் சொன்னது? இன்னொன்று வைத்தேன். நானே, என் கையால். சாவியை உன்னிடம் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அதை மூடினேன்.

எங்கே வைத்தேன் என்றுதானே கேட்கிறாய்? பாலத்தில் நின்றுகொண்டு அன்றைக்கு நானும் கேட்டேன்.

யாருக்குத் தெரியும், வெர்லின்? எங்கப்பன் வண்டிதானே.

ஆர்டிஸ்