காப்பு அவிழ்த்த பிறகு

2025 பெப்ரவரி 11

இடது குதிக்காலில் இருந்த கறுப்புக்கு இன்று பெயர் கிடைத்தது. தோல் புற்றுநோய்.

மூன்று வருடமாக நானும் மனைவி இரத்தினமும் அதைத் தீ மிதித்த தழும்பு என்றே நினைத்திருந்தோம். அம்மாள் வைத்த பொட்டு என்று அவள் ஊருக்குச் சொன்னாள். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த விளக்கம் வசதியாக இருந்தது.

மகன் கஜீபன் சிறுவயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, ஏழு வருடம் தீ மிதிப்பதாக நேர்ந்தவள் இரத்தினம். நேர்ந்த வாய் அவளுடையது, கால் என்னுடையது. கந்தோர் வேலை, யுத்தம் என்று பின்போட்டு, ஓய்வுபெற்ற பிறகே தொடங்கினேன். ஆறு முடிந்துவிட்டது.

"கெதியா வெட்டி எடுக்க வேணும், நாள் கடத்தக்கூடாது," என்றார் டாக்டர். மார்ச்சில் திகதி.

மார்ச் 18

கட்டைபறிச்சானிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, குடாவைச் சுற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய், வெறும் வயிற்றோடு காத்திருந்தேன். தாதி கஜந்தி வந்தாள். "ஐயா, தியேட்டரில ஏசி பழுது. நீங்கள் சாப்பிடுங்கோ."

சாப்பிடச் சொல்வது இவ்வளவு துக்கமான செய்தியாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் மூதூர் மீன் வியாபாரி ஸைனுலாப்தீன். கன்னத்தில் இதே புற்று வருத்தம். "கவலப்படாதீங்க மாஸ்டர், நாளைக்கு ஐஸ் பெட்டியக் கொண்டாறன். அதுக்குள்ள ஒங்கட கால வெச்சு வெட்டட்டும்."

ஏப்ரல் 29

மயக்க மருந்து டாக்டருக்கு இடமாற்றம். பதிலுக்கு ஆள் வரவில்லை.

நான் போஸ்ட் மாஸ்டராக இருந்தவன். நாளைக்கு வாங்கோ என்று சனத்தைத் திருப்பி அனுப்பியபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை இன்று கஜந்தியின் முகத்தில் பார்த்தேன். நல்ல முகம்தான். குறை சொல்ல ஏலாது.

மே 20

வேலைநிறுத்தம்.

ஜூன் 3

புண் கசிகிறது. செருப்புப் போட ஏலாது.

அடுத்த திகதி ஓகஸ்டில்தானாம். அதற்கு முன் எங்கள் அம்மன் கோயில் திருவிழா வருகிறது. இரத்தினம் ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன், "ஓகஸ்ட் வரைக்கும் சும்மாதானே இருக்கிறன். ஏழாவதையும் மிதிச்சு முடிப்பம்."

"இந்தக் காலோடயோ?"

"வேற கால் இல்லையப்பா."

ஜூன் 21

காப்புக் கட்டியாயிற்று. அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. உடம்பில் கத்தி படக்கூடாது, சவரம்கூட இல்லை.

ஜூன் 24

கோயில் வாசலில் நிற்கும்போது கஜந்தி போன் எடுத்தாள். குரலில் அவ்வளவு சந்தோசம். "ஐயா, மயக்க மருந்து டாக்டர் வந்திட்டார். ஒரு நோயாளி வரேல்ல. நாளைக்கே உங்களுக்கு வெட்டலாம், உடன வாங்கோ."

இரத்தினம் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள். "போங்கோ," என்றாள். வாய்தான் சொன்னது. பந்தலில் வாழை கட்டிக்கொண்டிருந்த கஜீபன் பக்கம் அவள் கண் போய் வந்தது.

"காப்புக் கட்டியிருக்கிறன் பிள்ளை. மிதிச்சுப்போட்டு அடுத்த கிழமை வாறன்."

"அடுத்த கிழமை இந்த இடம் இராது, ஐயா."

"தெரியும்."

மூன்று முறை ஆஸ்பத்திரி பிற்போட்டது. நாலாவது முறை நான். சாமியும் இல்லை, சாத்திரமும் இல்லை என்று வாழ்நாள் முழுக்கக் கதைச்ச மனிசன் — என்ன செய்தனான்? ஏன் செய்தனான்?

இரத்தினத்தின் முகம். வேறொன்றும் இல்லை.

ஜூன் 28

மிதித்தேன். வலது கால் சுட்டது. இடது காலில் ஒன்றும் தெரியவில்லை.

காப்பை அவிழ்க்கும்போது இரத்தினம் அழுதாள். கஜீபன் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான். பலமான தோள்.

ஓகஸ்ட் 19

ஏசி வேலை செய்தது. மயக்க மருந்து டாக்டர் இருந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் என் தொடை இடுக்கைத் தடவிப் பார்த்தார். திரும்பவும் தடவினார், அங்கே ஒரு கட்டி. கத்தியைத் தொடவில்லை. ஸ்கானுக்கு எழுதினார்.

செப்டெம்பர் 9

நுரையீரல்.

அந்த நிபுணர் சிங்களவர். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார், "ஐயா, இப்ப வெட்டி நோய் மாறாது. புண் ஆறுறதுக்கு மட்டும் வெட்டலாம். பேர் லிஸ்டில இருக்கட்டும்." பிழையில்லாத தமிழ். ஒரு பிழையாவது விட்டிருக்கலாம்.

"ஜூனில வந்திருந்தா?" இரத்தினம்தான் கேட்டாள்.

"சொல்ல ஏலாது அம்மா."

பஸ் கிண்ணியாப் பாலம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் உங்கட கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போயிருக்க வேணும்."

"காப்புக் கட்டின கையை ஆர் பிடிக்கிறது?" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். என்ன மனிசன் நான்.

ஒக்டோபர் 16

இருமல். வாசிக்க முடியவில்லை. கஜீபன் பேப்பரை உரக்க வாசிக்கிறான். அரசியல் செய்திகளை மரண அறிவித்தலின் குரலில். திருத்தவில்லை, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 12

படுத்தபடி எழுதுகிறேன்.

கஜந்தி போன் எடுத்தாள். நாளை மறுநாள் புண்ணை வெட்டலாமாம். இந்த முறை கட்டாயமாம். இரத்தினம் போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அவருக்கு இனி வேண்டாம் பிள்ளை. தூக்கிக்கொண்டு வர ஏலாது… லிஸ்டில அடுத்தது ஆர்? அவருக்குக் குடுங்கோ. இண்டைக்கே சொல்லுங்கோ. காப்புக் கட்டியிருந்தாலும் அவிழ்த்துப்போட்டு வரச் சொல்லுங்கோ. நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டுக் கஞ்சிக்குத் தேங்காய் துருவக் குசினிக்குப் போனாள். பாதித் தேங்காய்தான். நெடுநேரம் துருவினாள்.