வைத்தியச்சியின் சிவப்புக் கோடு

அன்புள்ள சிட்டுவுக்கு,

நீ அங்கே உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் என் முதல் நினைப்பு. இங்கே நாங்கள் சுகம் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், கை வரவில்லை. நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், உன் குரலைக் கேட்டதும் நல்லா இருக்கேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, அதனால்தான் கடிதம். காகிதம் என்றால் பொய்யை அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். பதறாமல் முழுவதும் படி. நடுவில் நிறுத்திவிட்டுப் போன் செய்யாதே, செய்தால் மறுபடியும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். பக்கவாதம் வந்து இந்த மாதத்தோடு பதினோரு மாதம். பேச்சு தெளிந்துவிட்டது, கூடவே அதட்டலும் திரும்பிவிட்டது. வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார், வலது கையில் டம்ளரைப் பிடித்தால் பாதி தண்ணீர் தரைக்கு. இருபத்தாறு வருஷம் ஓட்டுநர் பள்ளி வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும்போது தன் காலால் பிரேக் போட்டே பழகிய மனுஷர், தனக்கு ஒருவர் பிரேக் போட விடுவாரா? ஊன்றுகோல் வேண்டாம், குளிப்பாட்ட ஆள் வேண்டாம், அடுத்தவன் கை மேல பட்டாலே எனக்குக் கூசுது, நீ இருக்கும்போது ஆள் எதுக்கு என்று ஒரே பிடிவாதம். அதனால் காலை ஆறு மணிக்கு அவரைத் தாங்கிக் குளியலறைக்குக் கூட்டிப் போவேன், எட்டு மணிக்கு லேபில் ஊசியும் குழாயுமாக நிற்பேன், மதியம் ஓடி வந்து சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவேன். இதையெல்லாம் உன்னிடம் சொன்னால் நீ அவரோடு சண்டைக்குப் போவாய், அவர் மூன்று நாள் சாப்பிட மாட்டார், அந்தக் கூத்தையும் நான்தான் தீர்த்து வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண், மவுஸைப் பிடித்து தினம் ஒரு மணி நேரம் எதையாவது செய்யட்டும் என்று சொன்னதும், உன் பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் விளையாட்டை நீ சொன்னாயே, நான்கு பேர் சேர்ந்து பாழடைந்த கோட்டைக்குள் போவார்களே, அதைத்தான் போட்டோம். எதிராளி ஒரு அடி அடித்துவிட்டு நம் முறைக்காகக் காத்துக்கொண்டிருப்பான், எவ்வளவு நேரம் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது, அப்பாவின் கைக்கு அதுதான் சரி என்றாய். நல்ல யோசனைதான். ஆனால் இருப்பதிலேயே சுலபமானதில் வை என்று நீ சொன்னதை நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அங்கே பிடித்தது சனி. ஆரம்பத்தில் மூன்று நிலை காட்டுகிறது. ஒன்று சும்மா உலாப் போகிறவர்களுக்கு, இரண்டாவது போர், மூன்றாவதற்கு இரும்பு என்று பேர். இரும்பில் செத்தவர்கள் செத்தவர்கள்தான், பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் ஆட முடியாது. எனக்கு உலாவா, என்னை என்ன கைக்குழந்தைன்னு நெனச்சாளா என்று சிடுசிடுத்துவிட்டு உன் அப்பா இரும்பைத்தான் அழுத்தினார். அழுத்தவே நான்கு முறை தவறியது, அது வேறு விஷயம்.

அடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு, பதினோரு மாதத்தில் முதல் சிரிப்பு, அதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். தனக்குக் கேடயமும் வாளும் எடுத்துக்கொண்டார், முன்னால் நிற்பவர். உனக்கு வில் எடுத்தார், அவ தூரத்துல இருந்துக்கிட்டே குறி வைப்பா என்றார். மாடி வீட்டுப் பூட்டுக்காரரைத் திருடனாக்கினார், பூட்டைத் திறக்க ஆள் வேணும்ல என்று. பூட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான்காவது ஆளுக்கு ஒரு பெரிய பட்டியல், மந்திரக்காரி, ஈட்டிக்காரி, பாட்டுக்காரி என்று பதினாறு இருந்தது. அவர் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை, உனக்கென்ன, உனக்கு வைத்தியம்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டு அழுத்திவிட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை அங்கி, கையில் ஒரு கோல், ஆயுதம் ஒன்றும் கிடையாது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, உண்மையாகவே தோன்றவில்லை.

தினமும் மாலை ஆறு மணிக்கு ஆட்டம். எழுத்தையெல்லாம் நான் படித்துச் சொல்வேன், அவர் அழுத்துவார், கை நடுங்கும்போது மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது, அதுதான் உயிர். அடிபட்டால் குறையும், வைத்தியச்சி கோலைத் தூக்கினால் ஏறும். ஆனால் அடுத்தவருக்கு ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் அவளுடைய கோட்டிலிருந்து கொஞ்சம் போகும், அவளுக்கு அவளே கொடுத்துக்கொள்ள முடியாது. எங்காவது முகாம் போட்டு எல்லோரும் படுத்து எழுந்தால்தான் அவளுக்குத் திரும்ப ஏறும். உன் அப்பா முகாம் போடவே மாட்டார். இன்னும் ஒரே ஒரு அறை, இதை முடிச்சிடலாம் என்பார், அது முடிந்ததும் அடுத்த அறை. திருடனுக்குக் கீறல் விழுந்தால் வைத்தியச்சி, வில்காரிக்குக் காலில் அடி என்றால் வைத்தியச்சி, கேடயக்காரர் எதையும் யோசிக்காமல் போய் இடித்துக்கொண்டு வந்தால் வைத்தியச்சி. எட்டு நாள் இப்படிப் போனது. கோடு பாதியானது, கால்வாசியானது, நூல் மாதிரி ஆனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், சிட்டு. வாயைத் திறக்கவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. இந்த மனுஷர் தானாகப் பார்க்கிறாரா என்று பார்ப்போம் என்ற ஒரு வீம்பு, அது எங்கிருந்து எனக்கு வந்ததோ தெரியவில்லை.

ஏன் வந்தது என்று தெரியும், இனி அதை எழுதாமல் ஒதுங்க முடியாது. நான்கு மாதத்துக்கு முன்பு எனக்கு மாதாமாதம் போவது நிற்காமல் போக ஆரம்பித்தது. நிற்கிற வயதில் எல்லோருக்கும் வருவதுதான் என்று விட்டேன். படியேறினால் மூச்சு வாங்கியது, லேபில் உடன் வேலை பார்ப்பவள் ஒரு நாள் என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார வைத்து ரத்தம் எடுத்தாள். ஹீமோகுளோபின் பத்து. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையோடு எடுத்துவிடுவதுதான் நல்லது, எடுத்துச் சோதித்தால்தான் அது சாதாரணக் கட்டியா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியும், ஒரு மாதத்துக்குள் வாங்க என்றார். ஆபரேஷன் முடிந்தால் ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாதாம். உன் அப்பாவை விடக் கனமாக இந்த வீட்டில் என்ன இருக்கிறது? அவரைத் தூக்க ஆள் வேண்டும், ஆள் என்றால் வேண்டாம் என்பார், சரி அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளினேன். ஒன்பது ஆனது, எட்டு ஆனது, போன மாதம் ஏழு. ஊருக்கெல்லாம் ரத்தம் சோதித்து, உடனே டாக்டரைப் பாருங்க என்று சொல்கிறவள் நான், என் சீட்டை மட்டும் நான்காக மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒன்பதாம் நாள் ஆட்டத்தில், தண்ணீர் சொட்டும் ஒரு பாதாள அறையில், எலி மாதிரி ஏதோ ஒன்று வந்தது. பெரிய அரக்கன் கூட இல்லை, ஒரு எலி. அது வைத்தியச்சியைக் கடித்தது, அவள் விழுந்தாள். படம் சாம்பல் நிறமாகிவிட்டது. அப்பா மவுஸை அழுத்திக்கொண்டே இருந்தார், கோலைத் தூக்கு, கோலைத் தூக்கு என்று. அவ செத்துட்டா என்றேன். அது எப்படி, அவளுக்குத்தான் தானா ஏறுமே என்றார். அப்போதுதான் வெளியே வந்தது, நான் லேபுக்குப் போன ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் உலா நிலையில் வைத்து ஆடிப் பார்த்திருக்கிறார். அதில் வைத்தியச்சிக்குத் தானாக ஏறுமாம், கவனிக்கவே வேண்டாமாம். இரும்பிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு எட்டு நாளும் அவள் கோட்டின் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே, நான் பார்க்கலைன்னா நீ சொல்ல வேண்டியதுதானே என்று என்னைக் கேட்டார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, எட்டு நாளா செவப்பா கண்ணு முன்னாடி எரிஞ்சுதே, உங்களுக்குக் கண்ணு இல்லையா என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவரிடம் கத்தியது அதுதான் முதல் முறை. கத்தியதும் அழுகை, அழுகையோடு கட்டி, ரத்தம், டாக்டரம்மா சொன்னது எல்லாம் கொட்டிவிட்டது.

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். இரண்டு நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. மூன்றாம் நாள் அந்தச் சீட்டெல்லாம் கொண்டா என்றார். சாப்பாட்டு மேசையில் நான்கையும் தேதிப்படி வரிசையாக வைத்து, எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நாலு மாசமா என்னைத் தூக்கிக்கிட்டு நடந்திருக்கே என்றார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவர் வாயில் வராது, உனக்கும் தெரியும். ஆனால் இடது கையாலேயே போனை எடுத்து டாக்டரம்மாவுக்குத் தானே பேசித் தேதி வாங்கினார். மூன்று வாரம் இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றிவிட்டு இருபத்து மூன்றாம் தேதி ஆபரேஷன். நேற்று இரண்டாவது தடவை ஏற்றினார்கள், கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். பூட்டுக்காரர் மூலமாக ஒரு ஆளும் வந்துவிட்டார், ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். முதல் நாள் அவர் அப்பாவைக் குளிப்பாட்டும்போது நான் அடுப்படியில் நின்றேன். தண்ணீர் சத்தத்துக்கு நடுவில் உன் அப்பா அழுதது கேட்டது. போய்ப் பார்க்கத் துடித்தது, போகவில்லை. இதை நீ அவரிடம் கேட்டுவிடாதே.

தப்பு அவருடையது மட்டும் என்று நீ நினைக்கக் கூடாது, அதற்காகவும்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவர் பார்க்கவில்லை, நான் சொல்லவில்லை. பார்க்கட்டும் என்று காத்திருந்தே ஒரு உயிரை விட்டேன், அது பொம்மை உயிர் என்பதால் தப்பித்தோம். உன்னிடமும் அதையேதான் செய்தேன். போனில் என் குரலை வைத்து நீயாகக் கண்டுபிடிப்பாயா என்று ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தேன், நீ கண்டுபிடிக்கவில்லை என்று உன் மேல் கோபம் கூடப் பட்டேன். என்ன நியாயம் இது? என்னை மன்னித்துவிடு.

முந்தாநாள் புதிதாக ஆட்டம் ஆரம்பித்தோம். உலாவை அவரே அழுத்தினார், முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான்காவது ஆள் வந்ததும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு, உனக்கு என்னவா இருக்க இஷ்டம் என்று கேட்டார். சிட்டு, எனக்குப் பதில் தெரியவில்லை. பதினாறையும் படித்தேன், திரும்பவும் மேலிருந்து படித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு என்ன இஷ்டம் என்று எனக்கே தெரியாமல் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அவர் அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் கோடாலி என்றேன். ஆள் உயரத்துக்கு இருக்கும், இரண்டு கையாலும் தூக்க வேண்டும். அப்ப வைத்தியம் யாரு பார்க்கறது என்று கேட்டுவிட்டு அவரே யோசித்து, வைத்தியரே வேண்டாம், ஒவ்வொரு அறைக்கும் முகாம் போட்டுப் படுத்து எழுந்து போகலாம், எந்த ரயிலைப் பிடிக்கப் போறோம் என்றார். இரண்டு நாளில் இரண்டு அறைதான் தாண்டியிருக்கிறோம்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. சுரங்கத்துக்குள் அளவெடுக்க இறங்கும்போது தலைக்கவசத்தின் வாரைக் கழுத்தோடு மாட்டிக்கொள், சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு போகாதே. போன வருஷம் அப்பா விழுந்தபோது நீ கிளம்புகிறேன் என்றாய், நான் பார்த்துக்கறேன், நீ வேலையைப் பாரு என்று தடுத்துவிட்டேன். இந்த முறையும் அதே வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே கறுப்பாகத் தெரியும் இடம் அதுதான். சுரங்க வேலை முடியும்வரை உனக்கு லீவு கிடையாது என்று தெரியும், பொறுப்புக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு என்ன சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். வந்துவிடு.

நூறு வயது நோய்நொடி இல்லாமல் இரு என்று உன் தலையில் கை வைத்துச் சொல்கிறேன். தேதி இருபத்து மூன்று, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி.

உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா