தாமரை விதையும் உன் தம்பியும்

மூவார், 6.8.1927

சௌபாக்கியவதி மீனாட்சிக்கு ஆசீர்வாதம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? எழுதப்போவது:
1. கோயில் குளம்.
2. உன் தம்பியின் மோசடி.
3. எனக்கு வேண்டியது.

உன் தம்பி மருதமுத்து தந்த தாமரை விதைகளை இங்கே ரப்பர் தோட்டத்துக் கோயில் குளத்தில் போட்டேன். இலைகள் அல்லி போலத் தண்ணீரில் படுத்தே கிடந்தன. "வாத்தியாரே, தாமரைன்னீங்க, அல்லியில்ல வந்திருக்கு" என்று கங்காணி எல்லார் முன்னும் சிரித்தார். புளுகன் மருதமுத்து இனி நம் வாசற்படி ஏறக்கூடாது.

நீ போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. தனியே சாப்பிடச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை ஓர் இலை தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. அல்லி இலைக்குள்ள பிளவும் அதில் இல்லை. தாமரைக்கும் முதல் இலைகள் மிதக்குமாம், நான் அறியவில்லை. மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. தபால் கிளம்புகிறது, மாற்றி எழுத நேரமில்லை. மருதமுத்துவிடம் இதைக் காட்டாதே.