அஞ்சாவது தடை

அன்புள்ள மாப்ளே,

இன்று காலை உன் மகள் ஒரு திண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணை மூடி உட்காருவதற்கென்று உன் பழைய லுங்கியைக் கிழித்து நீயே தைத்த திண்டு. "அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாக மாமா" என்றாள். எதற்கென்று நான் கேட்பதற்குள் கிளம்பிவிட்டாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் தையல் முழுக்க அமுக்கிப் பார்த்தேன். உள்ளே ஏதாவது எழுதி வைத்திருப்பாயோ என்று ஓர் ஓரத்தைப் பிரித்தும் பார்த்தேன். வெறும் இலவம்பஞ்சுதான். நாலு தும்மல் போட்டதுதான் மிச்சம். நீ செத்துப் போய் ஒரு மாதம் ஆகிறது. நான் இன்னும் உன்னைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பிழைப்பு அப்படி. இருபது வருஷமாகப் பட்டாசுக் கம்பெனி கேட்டில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரின் மடியையும் சோற்றுப் பையையும் தடவிப் பார்க்கிறேன். தீப்பெட்டி இருக்கிறதா, பீடி இருக்கிறதா, செல்போன் இருக்கிறதா. தினமும் நானூறு பேரைச் சந்தேகப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், பெண்டாட்டி வைத்த குழம்பைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்ளத் தோன்றுகிறது.

நீ அங்கே வெடிமருந்து கலக்குகிறவன். அப்போதெல்லாம் எம்புட்டுக் கோபக்காரன் நீ! யாராவது செருப்போடு உன் அறைப் பக்கம் வந்தால் சல்லடை பறக்கும். அந்த நீதான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கசங்கிய தாள் ஒன்றை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாய். வெடிக்குழாய் சுற்றுவதற்காக அச்சகத்திலிருந்து வந்த கழிவுத் தாள். புத்தர் மூச்சைக் கவனிக்கச் சொன்னதைப் பற்றி ஏதோ போட்டிருந்தது. பாதி வாக்கியத்தோடு தாள் முடிந்துவிட்டது. "அடுத்த பக்கம் எந்த வெடிக்குள்ள போச்சோ தெரியலயேலே" என்று என்னிடம் புலம்பிவிட்டு, குழாய் சுற்றும் பெண்களிடம் ஒவ்வொரு கட்டாகத் தேடினாய். கிடைக்கவில்லை. சீசன் முடிந்ததும், காரியாபட்டி தாண்டி ஒரு தோட்டத்தில் பத்து நாள் வாய் திறக்காமல் தியானம் சொல்லித் தருகிறார்களாம் என்று கிளம்பிப் போய்விட்டாய்.

திரும்பி வந்தவன் வேறு ஆள். பீடி இல்லை. ராத்திரிச் சோறு இல்லை. சல்லடை பறக்கவில்லை. எனக்கு முதல் நாளே உறுத்தியது. நல்லா இருந்த மனுஷன் இப்படியா ஒரேயடியாக நல்லவனாவான்?

மருந்து அறை வாசலில் செம்புத் தகடு ஒன்று பதித்திருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்கட்டும் என்று, உள்ளே நுழைகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும். எல்லோரும் தொட்ட கையோடு நடப்பார்கள். நீ மட்டும் தகட்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி அப்படியே நின்றாய். மூன்று நாள் தள்ளி நின்று கவனித்தேன். உதடு அசையவில்லை, அப்படியானால் சாமி கும்பிடவில்லை. கிறுகிறுப்பா? எதையாவது விழுங்கிவிட்டு வருகிறாயா? கேட்டிருக்கலாம். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் நான், கேட்டால் சொல்லியிருப்பாய்.

நான் கேட்கவில்லை. நேரே முதலாளியிடம் போனேன். "அண்ணாச்சி, அவன் ஆளு சரியில்ல. மருந்து ரூம்ல வச்சிராதீக" என்று போட்டுக்கொடுத்தேன். அன்று மத்தியானமே உன்னைப் பெட்டி ஒட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் மருந்து கலக்கி ஒரு கீறல்கூட விழாத கை, அட்டைப் பெட்டிக்குப் பசை தடவியது.

சாயங்காலம் வெளியே போகிற சோதனைக்குக் கேட்டுக்கு வந்தாய். வழக்கம்போலக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாய். உன் ஒரே சட்டைப் பையை மூன்று முறை தடவினேன். "அந்தப் பையப் பாத்துட்டலே. போயி தண்ணி குடி" என்றாய். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. இவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் சட்டையைப் பிடிக்கவில்லை? நீ டீ வாங்கிக் கொடுத்தால் எதற்கு என்று யோசித்தேன். மூத்தவள் கல்யாணத்தில் என்னை முன் வரிசையில் உட்கார வைத்தாயே, அங்கே எல்லோர் முன்னாலும் கேட்கப்போகிறாய் என்று பாயசம்கூட இறங்கவில்லை. ஆறு வருஷம் உன் பழிவாங்கலுக்காகக் காத்திருந்தேன் மாப்ளே. அடி வாங்கியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டம் அணைக்கரைக்குக் கூட்டிப்போனாய். "மூக்கு நுனியில காத்து வந்து போறத மட்டும் பாரு" என்றாய். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து, நீ உண்மையிலேயே மூடியிருக்கிறாயா என்று பார்த்தேன்.

"என்னலே பாக்குறே?" என்றாய், மூடிய கண்ணோடு.

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாய். "தியானத்துக்கு அஞ்சு தடையாம். ஆசை, கோவம், தூக்கம், அலைபாயுறது, சந்தேகம். அஞ்சாவது ஒம்பேருக்கே பட்டா போட்டது."

"வந்தா என்னலே செய்ய?"

"வந்துருக்குன்னு தெரிஞ்சுக்க. வெரட்டாத. ஒக்காத்தி வச்சு சோறும் போடாத."

நான் ஆறு வருஷமாக விருந்தே வைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் உன் பேச்சு சும்மா போகவில்லை. போன வாரம் ஒரு பெண்ணின் மடியில் தீப்பெட்டி கிடைத்தது. கத்த வாயெடுத்தவன் ஒரு மூச்சு உள்ளே போய் வரும்வரை பொறுத்தேன். அதற்குள் அவளே, "அடுப்புப் பத்த வச்ச கையோட ஓடியாந்துட்டேண்ணே" என்று அழுதுவிட்டாள். தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தேன்.

உன் பெண்டாட்டி திண்டை எதற்கு எனக்கு அனுப்பினாள் என்ற குடைச்சல் தாங்காமல் இன்று சாயங்காலம் விஸ்வநத்தத்துக்கு, உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரும் முன்பே கொட்டிவிட்டேன். "அன்னைக்கு அண்ணாச்சிகிட்டச் சொன்னது நாந்தான் தாயி."

அவள் முறத்தைக்கூட நிறுத்தவில்லை.

"தெரியும்ணே. அன்னைக்கு வந்து செருப்பக் கழத்தும்போதே அவுக சொல்லிட்டாக."

"கோவப்படலயா?"

"படாம? ரெண்டு நாளு பச்சத்தண்ணி எறங்கல. ஒக்காருவாக, எந்திரிப்பாக, மறுபடி ஒக்காருவாக. ஒங்க வீட்டுக்கு வாரேன்னு சைக்கிள எடுத்து, தெருவோட நின்னு திரும்பி வந்தாக. மூணாம் நாளு சொன்னாக. 'அவன் செஞ்சது சரிதான். புதுசா கண்ண மூடுத எவனையும் மருந்துக்குள்ள விடப்புடாது. அவன் எடத்துல நான் இருந்தாலும் சொல்லியிருப்பேன்'னாக."

நான் அழுதேன் மாப்ளே. உன் காரியத்தன்று வராத அழுகை, உளுந்துத் தோல் பறக்கிற அந்த முற்றத்தில் வந்தது.

திண்டைப் பற்றிக் கேட்கவே மறந்துபோயிற்று. வரும் வழியில் பஸ்ஸில் வழக்கம்போல ஆரம்பித்தது. நீ அப்படித்தான் சொன்னாயா? இல்லை, நான் உடைந்து போயிருப்பதைப் பார்த்துத் தங்கச்சி தானாகச் சேர்த்துச் சொன்னாளா? அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பப் போய்க் கேட்கலாம் என்று எழுந்தும்விட்டேன். சந்தேகம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

இந்த இருபது வருஷத்தில் நான் தடவிப் பார்க்காமல் உள்ளே விட்டது, 'அவன் செஞ்சது சரிதான்' என்ற உன்னுடைய அந்த ஒரு பேச்சைத்தான்.