காதறுப்பார் வீடு

அன்பு மகன் ஷைலோபெக்குக்கு அப்பா ஜுமாஷ் சொல்லி எழுதுவது. இங்கே நலம். பிஷ்கெக்கில் நீயும் பேரன் எர்மெக்கும் நலமாக இருக்க வேண்டும்.

கணவாய் வழியே முதல் லாரி வந்து குதிரைகள் மிரண்டோடிய வருஷம் அது. அந்த வசந்தத்தில்தான் கூட்டுப்பண்ணைக்கு ஆடு எண்ண அரசாங்க ஆட்கள் வந்தார்கள். இப்போது அதைச் சொல்லக் காரணம் உண்டு.

போன வாரம் எர்மெக்குக்குப் பேசிய பெண் வீட்டு ஆள் வந்தான். ரொட்டி வைத்தேன், தொடவில்லை. "பெரியவரே, உங்க வீட்டுக்குக் காதறுப்பார்னு பேராமே? திருட்டு ஆட்டோட காத வெட்டி அடையாளத்த மறைச்சவங்களாமே? பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க" என்றான். பெண்ணுக்கு நிச்சயக் கம்மல் போட்ட பிறகா இந்த யோசனை? யாரோ ஊதிவிட்டிருக்கிறார்கள்.

அந்நாளில் வீட்டுக்கு வீடு ஆட்டின் காதில் ஒரு வெட்டு இருக்கும். நம்முடையது நுனியில் பிளவு. தொலோகோன் வீட்டுக்கு ஓரத்தில் பிறை. மலையில் மேய்ந்ததில் பாதிக்கு மேல் பிறைக் காதுதான். அத்தனை ஆடு இருந்தால் பணக்காரன் என்று குடும்பத்தோடு நாடு கடத்திவிடுவார்கள். தொலோகோன் நம் கூடாரத்துக்கு வந்து அழுதான். உன் தாத்தா ஒமூர்குல் கம்பளிக் கத்தரியை எடுத்து ஊர் ஆடு அத்தனைக்கும் காதை அடியோடு நறுக்கினார். நம் ஆட்டையும் விடவில்லை.

எண்ண வந்தவன், "எது யாரு ஆடுடா?" என்று கத்தினான். "அதுங்களையே கேளுங்க ஐயா. ஆனா காது இல்லையே, கேக்குமான்னு தெரியல" என்றார் தாத்தா. ஊரே சிரித்தது. அவரைக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை.

அன்று அந்தப் பெயரை மரியாதையாகத்தான் சொன்னார்கள். பிறகு அதைத் திருட்டுப் பெயராக்கியது யார்? தங்களுக்கு மந்தை இருந்ததே தெரியக் கூடாது என்று எந்த வீடு பயந்தது? அந்தப் பெண் தொலோகோனின் கொள்ளுப்பேத்தி. நீயே யோசி.

இதை எழுதித் தரும் டமிராவும் அவர்களுக்குச் சொந்தம்தான். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே விரல் ரேகை வைக்கிறேன்.

கம்மலைத் திருப்பிக் கேட்காதே. பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள்? எர்மெக்கை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போ. அவர்கள் ரொட்டியை முதலில் நீ பிட்டுச் சாப்பிடு. தாத்தா காது நறுக்கிய அன்று ஆட்டின் காலைப் பிடித்தவன் நான். தலையைப் பிடித்தது தொலோகோனின் சின்ன மகள். விதவையாகி அந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், இத்தனை வருஷமும் வாய் திறக்காதவள். எல்லார் முன்னாலும் அவளைக் கேள்.

ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். நீ போய்க் கேட்கும் வரை அவளுக்கும் தரட்டும். அதைக் கண்ணால் கண்டவர்களில் என்னைத் தவிர மிச்சம் அவள் ஒருத்திதான், ஊல்கான்.