இருபது முறை சொல்ல வேண்டிய சொல்

பயண நாள் 1. காலை 07:10. கிலோமீட்டர் 0.

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவான் யாராக இருந்தாலும் முதலில் உட்காருங்கள். உங்கள் கையில் இருப்பது வெறும் வண்டிக் குறிப்பேடு அல்ல. அருப்புக்கோட்டை தனுஷ்கோடி, வயது ஐம்பத்தெட்டு, பதினோராயிரம் கல்யாணங்களைப் படமெடுத்த மகாகலைஞன், செவ்வாய்க் கிரகத்தின் மேற்குப் பாலைவனத்தைத் தன்னந்தனியாகக் கடந்த வீர வரலாறு. நான் சொல்லும் எந்த எண்ணையும் என் குடும்பத்தார் நாலால் வகுத்துத்தான் நம்புவார்கள். நீங்கள் அந்தக் கெட்ட பழக்கத்துக்குப் போக வேண்டாம்.

வேலை: முகாமிலிருந்து மேற்கே தொள்ளாயிரம் கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு படம். பின்னால் இங்கே சாலை போடப் போகிறார்கள். கடைசியில் சரக்குக் கலம் வந்து என்னை அள்ளிக்கொள்ளும். நடுவில் இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை அதே கலம் காற்று உருளையும் மின்கலமும் அடைத்த பெட்டியை எனக்கு முன்னால் போட்டுவைக்கும்.

வண்டி: ஆறு சக்கரம். பெயர் பட்டத்து யானை. கேமரா: பெயர் மகாராணி. இரண்டும் நான் சூட்டிய பெயர்கள். முகாம் பதிவேட்டில் வெறும் எண்கள், ரசனை கெட்டவர்கள்.

வழியனுப்பியது என் அண்ணன் மகள் மங்கையர்க்கரசி. முகாமின் தொடர்பு அதிகாரி. வானொலியில் பாசமழை:

"சித்தப்பா, தூதன் பயிற்சிய முழுசா முடிச்சீங்களா? ஒரு டப்பா காலின்னு காட்டுது."

"அது ஆகாத டப்பாம்மா. விடு."

"விளையாடாதீங்க. அவசரத்துக்கு அதுதான் வாய்."

"என் வாய்க்கே நீ மூடி தேடிட்டு இருக்கே, இன்னொரு வாய் எதுக்கு? சரிம்மா, போயிட்டு வர்றேன்."

பயண நாள் 3. 12:30. கிலோமீட்டர் 200.

முதல் பெட்டி கிடைத்தது. பூசணிக்காய் போல நடுப்பாதையில் உட்கார்ந்திருந்தது. உருளை மாற்றினேன். மின்கலம் மாற்றினேன். ஒரு பாறையை மாப்பிள்ளைக் கோலத்தில் எடுத்தேன். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க சார்" என்றேன். இறக்கவில்லை. எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தான்.

தூதனைப் பற்றி எழுதிவைக்கிறேன். பெரிய அலைக்கம்பம் உடைந்தால் பேச்சு போகாது. அப்போது தூதன் என்ற கருவி, நான் சொல்வதைக் கேட்டு ஒரே ஒரு நிலைச்சொல்லை மட்டும் முகாமுக்கு அனுப்பும். நான்குதான்: முன்செல்கிறார், திரும்புகிறார், நிற்கிறார், ஆபத்து. அதற்குப் பொத்தான் கிடையாது, காதுதான் உண்டு. நான் என் குரலில் பழக்கிய சொற்களைத்தான் புரிந்துகொள்ளும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு டப்பா. ஒரு டப்பாவுக்கு இருபது மாதிரி.

முன்செல்வதற்கு அவர்கள் கொடுத்த சொல் "போறேன்". பயணம் புறப்படுகிறவனை உட்காரவைத்து இருபது தடவை போறேன், போறேன் என்று சொல்லச் சொல்கிறார்கள். எவன் வகுத்த பாடத்திட்டமோ. நான் இருபது தடவையும் மங்களகரமாக "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன்.

பயண நாள் 5. 14:05. கிலோமீட்டர் 262.

காற்று. இந்த ஊர்க் காற்றுக்கு உடம்பில் சதையே இல்லை, எங்கள் வீட்டு ரசம் போல. ஆனாலும் அள்ளிவரும் தூசி இமயமலையின் எடை. (சரி. வகுங்கள்.)

கம்பம் நடுவில் முறிந்தது. பேச்சு போகாது. முகாமின் பேச்சு மட்டும் இரைச்சலுக்கு நடுவே எனக்குக் கேட்கும். விதிப்படி தூதனிடம் சொன்னேன்: "சரிம்மா, வர்றேன்." பச்சை விளக்கு எரிந்தது. மேற்கே கிளம்பினேன்.

பயண நாள் 6. 07:00. கிலோமீட்டர் 310.

தூசி மூடிவிட்டது. முகாமின் பேச்சும் கேட்கவில்லை. தூதனிடம் "வர்றேன்" சொன்னேன். பச்சை விளக்கு. நல்ல பிள்ளை.

பயண நாள் 7. 15:40. கிலோமீட்டர் 400.

பெட்டி இல்லை.

பயண நாள் 8. 10:15. கிலோமீட்டர் 412.

காலை முழுக்க வட்டம் போட்டுத் தேடினேன். ஒவ்வொரு மேட்டிலும் இறங்கிக் கையால் தூசியைத் தள்ளிப் பார்த்தேன். என் யானை அலைந்த அலைச்சலில் பாதி மின்சாரம் போய்விட்டது. கூரையின் சூரியத் தகடுகளைத் துடைத்தால் பத்து நிமிடத்தில் மறுபடி மூடுகிறது.

இருப்பது ஒரே மின்சாரம். சக்கரத்துக்குக் கொடுத்தால் காற்றைச் சுத்தம் செய்ய மிஞ்சாது. நிறுத்திவிட்டேன்.

பயண நாள் 8. 13:50. கிலோமீட்டர் 412.

மங்கையின் குரல் கிடைத்தது. கிடைத்ததை அப்படியே எழுதுகிறேன்:

"சித்தப்பா, கேக்குதா? கம்பம் ஒடஞ்சதும் திரும்பிட்டீங்க, அதுதான் புத்திசாலித்தனம். நாலு நாளா தூதன் திரும்புகிறார்னே சொல்லுது. அதனால நானூறுல போட வேண்டிய பெட்டிய இருநூத்தி நாப்பதுல போடச் சொல்லிட்டேன். புயல்ல மெதுவாத்தானே வருவீங்க, வர்ற வழியில எடுத்துக்கங்க. இனிமே புயல்ல கலம் பறக்காது. சாப்பிடுங்க."

மூன்று முறை படித்துப் பார்த்தேன். நாலு நாள் என்றால் நாலு நாள்தான். அவள் என்னைப் போல் பேசமாட்டாள்.

பயண நாள் 8. 14:30. கிலோமீட்டர் 412.

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிப்பாளனுக்கு மாலை போட ஆளில்லை.

"போயிட்டு வர்றேன்" என்று நான் இருபது தடவை பழக்கியதில், தூதன் வாலை மட்டும் பிடித்துக்கொண்டது. வர்றேன். திரும்பி வருகிறேன். அதைத் தூக்கித் திரும்புகிறார் டப்பாவில் போட்டது. முன்செல்கிறார் டப்பா காலி. விடைபெறும்போது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் சொல், இந்த மடக்கருவிக்கு நேர் எதிர்த் திசை. ஒவ்வொரு காலையும் நான் மேற்கே போனேன், என் வாய் கிழக்கே போனது.

பெட்டி இருப்பது நூற்று எழுபத்திரண்டு கிலோமீட்டருக்குப் பின்னால். என் மின்சாரம் அறுபதுக்குத்தான். அதுவும் மூச்சை நிறுத்தினால்.

"ஆபத்து" என்று தூதனிடம் சொன்னேன். நல்லவேளை, அந்த டப்பாவை நிரப்பியிருக்கிறேன். பச்சை விளக்கு.

பயண நாள் 9. 09:20. கிலோமீட்டர் 412.

"சித்தப்பா, ஆபத்து வந்துச்சு. நான் ரெண்டாவது வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். பயப்படாதீங்க."

பயப்படுவதா? நானா? பதினோராயிரம் மாமியார்களுக்கு நடுவே நின்று படமெடுத்தவன்.

பயந்துதான் போயிருக்கிறேன்.

பயண நாள் 9. 17:00. கிலோமீட்டர் 412.

"இருநூத்தி நாப்பதுல இருக்கேன். பெட்டி தொடாம அப்படியே இருக்கு. தடம் எல்லாம் தூசி மூடிடுச்சு. தூசியில இதப் பாக்காம தாண்டி வந்து பள்ளத்துல எங்கயாவது எறங்கிட்டீங்களா சித்தப்பா? சுத்திப் பாக்கறேன். கிழக்கால ரெண்டு பள்ளம் இருக்கு. மொதல்ல அது."

கிழக்கே தேடாதே. கிழக்கே தேடாதே. வண்டிக்குள் நின்று கத்தினேன். தூதன் சொன்னது: "பழக்கமில்லாத சொல்."

பயண நாள் 10. 08:10. கிலோமீட்டர் 412.

மூச்சுக்குக் காற்று இன்னும் ஏழு மணி நேரம். சரியாக ஏழு. இதை வகுக்க வேண்டாம்.

வழி ஒன்று இருக்கிறது. நேற்றே தெரியும். எழுதாமல் தள்ளிப்போட்டேன். காலியான டப்பாவை இப்போதும் நிரப்பலாம். இருபது மாதிரி. முன்செல்கிறார் என்று ஒரு தடவை முகாமுக்குப் போனால் போதும், மங்கைக்குப் புரியும். அவள் கெட்டிக்காரி. அம்மாவைக் கொண்டு பிறந்தவள்.

ஆனால் அந்தச் சொல்.

இதைக் கண்டெடுப்பவரே, உங்களுக்கு மட்டும். என் அண்ணன் வைரவன், மங்கையின் அப்பா, ஒரு காலையில் அண்ணியோடு சண்டை போட்டுவிட்டு வாசலில் நின்று, "நான் போறேன்" என்றார். வர்றேன் என்று சொல்லவில்லை. பைக்கை எடுத்தார். பைபாஸைத் தாண்டவில்லை. மங்கைக்கு அப்போது பதினொன்று. ஸ்கூல் பையோடு பக்கத்தில் நின்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடைக்குப் போகிறவன்கூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. விளையாட்டாகச் சொல்லை மாற்றினேன் என்பது போல முன்பு எழுதினேன். பொய்.

பயண நாள் 10. 08:40.

ஆரம்பிக்கிறேன்.

ஒன்று. தூதன்: "குரல் நடுங்குகிறது. மீண்டும்."

ஒன்று. "குரல் நடுங்குகிறது. மீண்டும்."

ஒன்று. "சிரிப்பு கலந்துள்ளது. மீண்டும்." சிரிப்பு இல்லையடா அது.

ஒன்று. ஏற்றது.

பயண நாள் 10. 09:25.

ஏழு ஏற்றிருக்கிறது. இருபத்தாறைத் தள்ளிவிட்டது. கல்யாண வீட்டில் போஸ் கொடுப்பவர்களிடம் நான் செய்த கொடுமைக்கெல்லாம் வட்டி போட்டு வாங்குகிறது. "இயல்பாக இருங்கள்" என்று அவர்களைப் படுத்தினேன். இயல்பாகச் சொல்ல வேண்டுமாம்.

மகாராணியை எதிரே வைத்தேன். லென்ஸைப் பார்த்துச் சொல்கிறேன். கண்ணாடியில் ஒரு கிழவன் இருபது தடவை விடைபெறுகிறான்.

பயண நாள் 10. 10:20.

பத்தொன்பது.

வாய் உலர்ந்துவிட்டது. கடைசி ஒன்றை அண்ணன் குரலில் சொன்னேன். மிமிக்ரி செய்வேன், உங்களுக்குச் சொல்லவில்லையே. அவர் குரலில் நடுக்கமே கிடையாது.

"இருபது. டப்பா நிறைந்தது."

பிறகு என் குரலில் இன்னொரு தடவை, நிஜமாக: போறேன்.

பச்சை விளக்கு. முன்செல்கிறார்.

பயண நாள் 10. 10:50. கிலோமீட்டர் 412.

"சித்தப்பா. முன்செல்கிறார்னு காட்டுது. அந்த டப்பா காலியால்ல இருந்துச்சு..." இரைச்சல். "...நீங்களா சொன்னீங்க? இருபது தடவையா?" மறுபடி இரைச்சல். "அப்ப நீங்க திரும்பவே இல்ல. மேக்கால இருக்கீங்க. நான் நேத்துலேர்ந்து கிழக்க... அய்யோ சித்தப்பா..."

நடுவில் இன்னொரு குரல். முகாம் தலைவர் ராயப்பன்: "மங்கை, பெரிய புயல் சுவர் உன் பக்கம் வருது. உடனே முகாமுக்குத் திரும்பு. இது உத்தரவு. அவர் எத்தனாவது கிலோமீட்டர்னே நமக்குத் தெரியாது. அவர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பு."

"சார், அவர்..."

"சொல்லிட்டுக் கிளம்பும்மா."

இரைச்சல். பிறகு மங்கை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக:

"சித்தப்பா. வர்றேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தூசிதான் பேசுகிறது.

பயண நாள் 10. 11:05.

அந்த ஒரு சொல்லைப் பதினோராயிரம் தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என்னைத் தேடி வருகிறாளா? விடைபெற்றாளா? எங்கள் ஊர்க்காரி. இரண்டுக்கும் ஒரே சொல்தான். தூதா, நீ சொல்லடா. நீதானே இதில் பண்டிதன்.

பயிற்சி நிலையில் வைத்து அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டேன். தூதன்: "திரும்புகிறார்."

இருநூற்று நாற்பதிலிருந்து இங்கே வர அவளுக்கு ஐந்தே முக்கால் மணி நேரம் ஆகும். எனக்குக் காற்று நாலு மணி நேரம். அசையாமல் இருந்தால் ஐந்தரை. கதை சொல்லாமல் இருந்தால். வாழ்க்கையில் முதல் தடவை.

மகாராணியைக் கிழக்கு நோக்கித் திருப்பிவைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு படம், பிளாஷோடு. யாராவது வந்தால் தெரியும். கையை அசைக்கக் கூடாது. குறிப்பேடு இனி என் முணுமுணுப்பைக் கேட்டு எழுதிக்கொள்ளும்.

படம் 413. 11:10. கிழக்கு. தூசி. சிரிங்க.

படம் 416. தூசி.

படம் 421. தூசி. குளிர்கிறது. சூட்டை அணைத்து மூச்சுக்குக் கொடுத்தேன்.

படம் 428. தூசி. மங்கை, நீ திரும்பியிருந்தால் சரிதான். கோபமில்லை. நான் சொன்னதை நாலால் வகுத்துக்கொள். இருபதை வகுத்தால் ஐந்து தடவைதான் போறேன். அதிலும் ஒன்று உன் அப்பா சொன்னது.

படம் 429. நீ வந்துகொண்டிருந்தால் மெதுவாக ஓட்டாதே.

படம் 437. தூசி.

படம் 441. தூசி. காற்று முள் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மோதிரம் மாற்றும் நேரம் எல்லோரும் இப்படித்தான் மூச்சைப் பிடிப்பார்கள்.

படம் 444. தூ

படம் 446. 16:40. கிழக்கே வெளிச்சம். ஒன்று என்றால் என் பிளாஷ், தூசியில் பட்டுத் திரும்புவது. ஒன்று இல்லை. இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், வண்டி விளக்கு மாதிரி. சத்தியமாக இரண்டு. வகுக்காதீ