கதவுக்குள் தேங்கிய தண்ணீர்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. அப்பா நலம். இடது கணுக்காலைத் தவிர்த்து நானும் நலம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். கணுக்காலுக்கு என்ன ஆச்சு என்று பதறாதே, வெறும் சிராய்ப்புதான். எல்லாம் உன் அப்பாவின் செல்லப் பிள்ளையான அந்தப் பிக்கப் வண்டி செய்த வேலை.

போன செவ்வாய்க்கிழமை துவைத்து மடித்த விரிப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். குறுக்கே ஒரு நாய் வந்தது, அப்பா பிரேக் போட்டார், நான் காலை அழுத்தி ஊன்றினேன், அவ்வளவுதான், கீழே இருந்த தகரம் பொத்துக்கொண்டு என் கால் வண்டிக்கு வெளியே போய்விட்டது. செருப்பு ரோட்டில். நான் ஐயோ அம்மா என்று அலறுகிறேன், இந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா, மெதுவா காலை எடு, தகரம் இன்னும் கிழிஞ்சிடப் போகுது என்றார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது. அங்கிருந்து நேராக டிங்கர் கடைக்கு விடச் சொன்னேன். கடைக்காரர் ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பார்த்தார், தட்டின இடமெல்லாம் அது உள்ளே போனது. அப்புறம் கதவைத் திறந்து காதை வைத்துக் கேட்டார், கதவின் அடியில் ஒரு குத்து குத்தினார். அரை வாளித் தண்ணீர், பொய் சொல்லவில்லை, அரை வாளி, துரு கலந்து அவர் காலிலேயே கொட்டியது. ஆறு மாதமாக வண்டி திரும்பும்போதெல்லாம் சளக் சளக் என்று சத்தம் வரும், கேட்டால் சீட்டுக்கு அடியில பாட்டில் உருளுது என்பார் உன் அப்பா, நானும் பைத்தியக்காரி மாதிரி குனிந்து குனிந்து தேடியிருக்கிறேன்! கதவுக்கு அடியில மூணு ஓட்டை இருக்கணும், கண்ணாடி வழியா இறங்குற மழைத் தண்ணி வெளியே போறதுக்குன்னே விட்ட ஓட்டை, அதைப் பெயிண்டுக்கு முன்னாடி பூசுற பட்டியை வச்சு அடைச்ச புண்ணியவான் யாரு, தண்ணி ரொம்பி வழிஞ்சு தரையையும் அரிச்சிடுச்சே என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். உன் அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், நான்தான் என்றார்.

அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி வண்டியைத் தகுதிச் சோதனைக்கு விட வேண்டும். தேறவில்லை என்றால் ரோட்டில் இறக்கக் கூடாது. வண்டி நின்றால் மூட்டை போகாது, மூட்டை போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், ஏற்கெனவே ஒருத்தர் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறாராம். பதினோரு வருஷமாக நான் துவைத்துக் கட்டிய பிழைப்பு. கடைக்காரர் கதவடியையும் தரையையும் வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து தருகிறேன் என்கிறார். இவரோ தரையை வெட்டிக்கோ, கதவுல கை வைக்காதே என்கிறார். கதவை விட்டா புதுத் தகரமும் ரெண்டு மழைக்குத் தாங்காது என்று அவர் சொல்ல, இவர் கோபித்துக்கொண்டு வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டார். நான் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து பின்கட்டில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு தேய் தேய் என்று தேய்க்கிறார். துருத்தூள் பறந்துபோய் என் கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்புகளில் உட்கார்ந்தது. பதினாறு விரிப்பு! பதினாறையும் மறுபடி துவைத்தேன். அவர் தேய்ப்பதிலும் ஒரு கூத்து, கதவின் ஒரு மூலையை மட்டும் தொடவே மாட்டேன் என்கிறார்.

நேற்று பொறுக்க முடியாமல், அந்த மூலையில அப்படி என்ன புதையல் வச்சிருக்கீங்க என்று பிடித்துக்கொண்டேன். என் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தார். பெயிண்டுக்கு அடியில் பட்டியில் ஒரு கட்டைவிரல் தடம். பாப்பா விரல் என்றார். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. போன லீவில் அப்பா வண்டியை நானே புதுசாக்கித் தருகிறேன் என்று நாலு நாள் முகமெல்லாம் பட்டியோடு திரிந்தாயே, அந்த மூன்று ஓட்டையையும் துரு தின்ற ஓட்டை என்று நினைத்து அடைத்தது நீதானடி. அதைவிடக் கேள், அது தண்ணீர் போகிற ஓட்டை என்று இவருக்கு அப்போதே தெரியுமாம். டீயைக் குடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். அவ்வளவு சந்தோஷமா மண்டி போட்டு அடைச்சிட்டிருந்தா, எப்படி வேணாம்னு சொல்றது, அவ ஊருக்குப் போனதும் ஒரு ஆணியால குத்திவிட்டுக்கலாம்னு இருந்தேன், போனப்புறம் மனசு வரல என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எனக்கும்தான் உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, அதற்காக நான் தகரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேனா? இதை உன்னிடம் போனில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். போனில்தானே, கடிதத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இது கையில் கிடைத்த அன்றைக்கே அப்பாவைக் கூப்பிடு. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, எங்கேயோ படித்தேன் என்று ஏதாவது சொல், நான் அடைச்சது தப்புப்பா, கதவை வெட்டிடுங்க, அடுத்த லீவுக்கு வந்து ஓட்டையை விட்டுட்டு பெயிண்ட் அடிச்சுத் தரேன் என்று சொல். நீ சொன்னால்தான் கேட்பார், நான் சொன்னால் அது காற்றோடு போய்விடும். நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நல்லா இரு கண்ணு. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், பேசும்போது குரல் உடையாமல் பேசு. நீ ஒரு தடவை மூக்கை உறிஞ்சினால் போதும், இந்த ஜென்மத்தில் அவர் அந்தக் கதவை வெட்ட விடமாட்டார்.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்போடு இருக்கும்
உன் அம்மா